ஒரு விரலில் திரும்பிய வண்டி

அத்தியாயம் 5

“காணாமப் போன வண்டிக்குப் பூட்டு உண்டா?” என்று கேட்டார் துப்பறிவாளர் தமிழ்வேந்தன்.

“இல்லைங்க.”

“சாவி?”

“வண்டியிலயேதாங்க தொங்கும்.”

“கதவு?”

“அது சரியா மூடாதுங்க. கயிறு போட்டுக் கட்டி வெச்சிருப்போம்.”

தமிழ்வேந்தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, எதிரே நின்ற உப்பு வியாபாரி ஹபீப் முஹம்மதுவை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் நின்ற உதவியாளர் வினோதினி, “சார், இது திருட்டு கேஸ் இல்ல. வழியனுப்பி வெச்ச கேஸ்,” என்றாள்.

மரக்காணம் உப்பளங்களுக்கு நடுவே ஓர் ஓலைக் கொட்டகையின் வாசலில் மூவரும் நின்றிருந்தார்கள். வைகாசி வெயில் உப்பில் பட்டுத் திரும்பி நேராகக் கண்ணுக்கு வந்தது. புதுச்சேரியில் ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் தமிழ்வேந்தன் துப்பறியும் நிலையத்துக்கு இந்த மாதத்தில் வந்த முதல் கேஸ் இது. போன கேஸ் ஒரு கிளி. அதுவும் தானாகவே வீட்டுக்குத் திரும்பிவிட்டது.

ஹபீப் பாய் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ளும் நிலையிலும் அவர் இல்லை. நாளைக் காலையில் கோட்டக்குப்பத்தில் ஒரே மகளுக்கு நிக்காஹ். இன்று விடிந்து பார்த்தால் கொட்டகை காலி.

“அந்த வண்டியைத் திருட முடியாதும்மா,” என்றார் வினோதினியிடம். “எங்க அத்தா அறுபத்தி நாலுல வாங்கின பிக்கப்பு. ஸ்டீயரிங்கு அம்மிக்கல்லு மாதிரி. நம்ம டிரைவர் முருகையனைத் தவிர ஒருத்தனாலயும் திருப்ப முடியாது. முன்ன ஒருத்தன் திருட வந்தான். ஸ்டார்ட் பண்ணிட்டான், கிளம்பிட்டான். திருப்பத்தான் முடியல. நேரா போயி உப்புப் பாத்தியில இறங்கிட்டான். காலையில நாங்க போனா, உள்ளயே உக்காந்துகிட்டு தண்ணி குடுங்க பாய்ன்றான். தோள்பட்டை பிசகிப் போச்சு. நம்ம வீட்டு எண்ணெயைத் தேய்ச்சுத்தான் அனுப்பி வெச்சோம்.”

“அப்ப ஸ்டீயரிங்தான் பூட்டு.”

“அப்படித்தாம்மா.”

“அந்தப் பூட்டு இப்ப என்ன ஆச்சு?”

ஹபீப் பாய் பின்னால் திரும்பிப் பார்த்தார். கொட்டகை நிழலில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண் ஆஸிஃபா, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இறங்கி வந்தாள்.

“நான்தாங்க்கா தொறந்து விட்டுட்டேன்,” என்றாள். “பவர் ஸ்டீயரிங் போட்டுட்டோம்.”

கதை இதுதான். மாப்பிள்ளை தமீம் அன்சாரி ஷார்ஜாவில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர். நல்ல பையன்தான், வாய் மட்டும் கொஞ்சம் அகலம். நிச்சயதார்த்தத்தன்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பிரியாணிக்குக் கை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில், “அங்க வந்து நானும் லைசென்ஸ் எடுத்து வேலைக்குப் போவேன்” என்று ஆஸிஃபா சொன்னாள். “எதுக்கு? நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காரு” என்றான் அவன். பேச்சு வளர்ந்து பந்தயத்தில் போய் நின்றது. “உங்க தாத்தா வண்டியை நிக்காஹ் அன்னிக்கு மண்டபம் வரைக்கும் நீயே ஓட்டிட்டு வா. வந்துட்டா நீ சொல்றபடி நடக்கறேன். வரலைன்னா அங்க வந்து லைசென்ஸு, வேலைன்னு பேச்சே எடுக்கக் கூடாது.”

பெரியவர்கள் சிரித்தார்கள். ஆஸிஃபாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பி.காம். முடித்தவள், அப்பாவின் கணக்கையெல்லாம் பார்ப்பவள், கார் ஓட்டுபவள். ஷார்ஜாவில் எட்டாவது மாடியில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் ஓட்டும் வண்டிகளை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கும் வாழ்க்கை அவளுக்கு வேண்டாம்.

“சரின்னு சொல்லிட்டேன். வந்து வண்டியில ஏறித் திருப்பிப் பார்த்தேன். ஸ்டீயரிங் அசையல, நான்தான் சீட்ல இருந்து வழுக்கினேன். அப்புறம் அத்தா கிளியனூர் மெக்கானிக் அந்தோணிசாமிகிட்ட பேசினாங்க. ஏதோ ஒரு உடைஞ்ச கார்ல இருந்து பம்பு, ஹோஸு எல்லாம் கழட்டி இதுல மாட்டினாரு. ஊருக்கு, பெயின்ட் அடிக்கக் கொடுத்திருக்குதுன்னு சொல்லிட்டோம். நேத்து சாயங்காலம் வண்டி வந்துச்சு. ஒரு விரலால திருப்பினேங்க்கா!” சொல்லும்போதே ஆஸிஃபாவின் ஆள்காட்டி விரல் காற்றில் ஒரு சுற்று சுற்றியது.

“இது கள்ளாட்டம் ஆச்சே?”

“வண்டியைப் பத்தித்தான் பந்தயம். ஸ்டீயரிங்கைப் பத்தி யாரும் பேசல.”

வினோதினிக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது. எப்படியும் இந்த வண்டியைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று மனசுக்குள் முடிவுசெய்தாள். ஆனால் அதற்குள் தமிழ்வேந்தன் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் யோசித்தால் ஏதாவது விபரீதம் நடக்கும்.

“இந்த வண்டி வராம போனா யாருக்கு லாபம்?” என்று மீசையைத் தடவினார். “மாப்பிள்ளைக்கு! பாய், அந்த போனைக் குடுங்க.”

“சார், வேணாம்...” என்று வினோதினி சொல்வதற்குள் ஸ்பீக்கரில் மணி அடித்து, மறுமுனையில் ஒரு குரல், “அஸ்ஸலாமு அலைக்கும் மாமா,” என்றது.

“மாமா இல்ல. நேத்து ராத்திரி எங்க இருந்தீங்க மிஸ்டர் தமீம்?”

“யாருங்க நீங்க?”

“கேள்வி கேக்கறது நான். பவர் ஸ்டீயரிங் போட்ட வண்டியை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

 “எந்த ஸ்டீயரிங்கு?” என்றது குரல். அதைத் தொடர்ந்து மெதுவாக ஒரு சிரிப்பு கிளம்பி, பெரிதாகிக்கொண்டே போயிற்று. “பவர் ஸ்டீயரிங்கா! சுப்ஹானல்லாஹ்! ரொம்ப தேங்க்ஸுங்க. நாளைக்கு மண்டபத்துல முதல் வேலையா பானெட்டைத் தொறந்து பாக்கறேன். உள்ள பம்பு இருந்தா பந்தயம் என்னுதுன்னு ஆஸிஃபாகிட்ட சொல்லிடுங்க.”

போன் அணைந்தது.  போலீசுக்குப் போனால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்றுதான் ஹபீப் பாய் தனியார் துப்பறிவாளரைக் கூப்பிட்டிருந்தார்.

“குற்றவாளி அவன் இல்லை,” என்று கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார் தமிழ்வேந்தன். “அந்தச் சிரிப்புல ஒரு நேர்மை இருக்குது.”

“சார், நீங்க எந்தக் கட்சிக்கு வேலை பாக்கறீங்க? ஒருதரம் தெளிவா சொல்லிடுங்க, நான் அதுக்கேத்த மாதிரி நிக்கிறேன்.”

ஆஸிஃபாவின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. வண்டி கிடைக்காவிட்டால் தோல்வி. கிடைத்தாலும் பானெட்டுக்குள் பம்பு. ஆனாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “முதல்ல வண்டி வரட்டுங்க்கா. பானெட்டுக்கு நான் வேற பூட்டு போட்டுக்கறேன்,” என்றாள்.

தமிழ்வேந்தனிடம் ஒரே ஒரு உண்மையான திறமை உண்டு. தரையைப் பார்க்கச் சொன்னால் பார்ப்பார். வாயை மூடிக்கொண்டு பார்த்தால் இன்னும் நன்றாகப் பார்ப்பார். இப்போது குற்ற உணர்ச்சியில் அவர் வாய் தானாக மூடியிருந்தது. கொட்டகை வாசலில் குனிந்தவர், ஈர மண்ணில் பதிந்திருந்த டயர் தடத்தைப் பின்தொடர்ந்து வாத்து நடை நடந்தார்.

கொட்டகையை விட்டு வந்ததும் குறுக்கே வரப்புச் சாலை ஓடுகிறது. வண்டி அங்கே ஒரேயடியாக இடப்பக்கம் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் தடம் முன்னும் பின்னுமாகப் பலமுறை போய் வந்திருந்தது.

“வினோதினி, உன் ஸ்கூட்டரை இந்த இடத்துல எப்படித் திருப்புவ?”

“பின்னால நீங்க இருந்தா கஷ்டப்பட்டு.”

“பவர் ஸ்டீயரிங் இருக்குதுன்னு தெரிஞ்சவன், நின்ன இடத்துலயே சக்கரத்தைத் திருப்பிக்கிட்டு ஒரே மூச்சுல போயிருப்பான். இந்த ஆள் கொஞ்சம் நகர்த்தி, நகரும்போதே கொஞ்சம் திருப்பி, பின்னால வந்து, மறுபடியும் முன்னால போயிருக்கான். நின்ன வண்டியில திருப்பிப் பாக்கணும்னு அவனுக்குத் தோணவே இல்ல. இது கனமான ஸ்டீயரிங்குக்குப் பழகின ஆள்.”

ஹபீப் பாய் வாயைப் பிளந்தார். வினோதினியும் கொஞ்சம் பிளந்துவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் மூடிக்கொண்டாள்.

தடம் அதற்கப்புறம் பைத்தியம் பிடித்தாற்போல் ஓடியிருந்தது. இடப்பக்க உப்புக் குவியலில் ஓர் இடி. வலப்பக்கக் குவியலில் ஓர் இடி. ஓரிடத்தில் வாய்க்காலுக்குள் ஒரு சக்கரம் இறங்கி ஏறியிருந்தது.

“சரக்கு போட்டிருப்பானா சார்?”

“இல்ல. இது இழுத்து இழுத்துப் பழகின கை. எப்பவும் போல மொத்த பலத்தையும் போட்டு இழுத்திருக்குது. வண்டி சட்டுனு ஒரேயடியா திரும்பிடுச்சு. பயந்து போய் இந்தப் பக்கம் இழுத்திருக்குது. இங்க வந்து மோதியிருக்குது.” தமிழ்வேந்தன் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தார். “பவர் ஸ்டீயரிங் போட்டதால ஊர்ல எல்லாருமே திருடியிருக்கலாம்னு நினைச்சோம். தலைகீழ். பவர் ஸ்டீயரிங் போட்டது தெரியாதவன் ஒருத்தன்தான் எடுத்திருக்கான்.”

“அந்தக் கையி முருகையனுக்குத்தான் இருக்குது,” என்றார் ஹபீப் பாய் மெதுவாக. “அவன்கிட்ட நாங்க சொல்லல. அவன் காதுல விழுந்தா நமக்கு முன்ன விஷயம் கோட்டக்குப்பத்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிடும்னு.”

“அந்த வேலையைத்தான் நாங்களே முடிச்சுக் குடுத்துட்டோமே,” என்றாள் வினோதினி.

கிளம்பும்போது அவள் கண்ணில் ஒன்று பட்டது. கொட்டகைக்குள், டிரைவர் கதவு இருந்திருக்க வேண்டிய இடத்தில், மூன்று செங்கல் அடுக்கிப் படி மாதிரி போட்டிருந்தது. மேல் செங்கல் மிதிபட்டு மிதிபட்டு நடுவில் தேய்ந்திருந்தது. இன்றைக்கோ நேற்றோ போட்டது இல்லை.

“பாய், முருகையன் எவ்வளவு உயரம்?”

“இந்த வாசல்ல குனிஞ்சுதான் வருவான்.”

“சார், அவ்வளவு உயரமான ஆளுக்குப் படி எதுக்கு?”

“செங்கல் எங்க வேணாலும் கிடக்கும், வினோதினி. துப்பு மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரியும்.”

முருகையன் உப்பளத்தை ஒட்டிய காலனியில் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். இரண்டு ஸ்கூட்டரிலிருந்தும் நால்வர் இறங்குவதைப் பார்த்ததும் டம்ளரோடு எழப் பார்த்தான். தமிழ்வேந்தன் இந்த நிமிடத்துக்காகத்தான் துப்பறியும் தொழிலுக்கே வந்தவர். வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டு, ஜெராக்ஸ் கடைப் பேனாவைத் துணியோடு சேர்த்து நீட்டிப் பிடித்து, “கையைத் தூக்கு!” என்று கத்தினார்.

முருகையன் டம்ளரை வைத்துவிட்டு இடது கையைத் தூக்கினான்.

“ரெண்டு கையையும்!”

வலது கை புறப்பட்டது. இடுப்பு வரை வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. முருகையன் பல்லைக் கடித்தான், முகம் சிவந்தது, கை அதற்கு மேல் ஓர் அங்குலம் ஏறவில்லை.

“இதான் சார் ரெண்டு கையும்,” என்றான் பரிதாபமாக.

தமிழ்வேந்தனின் பேனா சட்டைக்குள்ளேயே தலை சாய்ந்தது. ஹபீப் பாய் பதறிப்போய், “என்னடா ஆச்சு கைக்கு?” என்றார்.

“தோளு இறுகிப் போச்சு மொதலாளி. மூணு வருஷமாச்சு. தலைகூட இடது கையாலதான் வாரறேன்.”

“மூணு வருஷமாவா? அப்ப வண்டியை யாருடா ஓட்டினது?”

முருகையன் தரையைப் பார்த்தான். வினோதினி அவன் முன்னால் உட்கார்ந்து, “அண்ணே, உங்க சம்சாரம் குள்ளமா?” என்று கேட்டாள்.

அவ்வளவுதான், முருகையன் உடைந்துவிட்டான். “குள்ளம்தாங்க. ஆனா கையி உப்பு வாருற கைங்க. பலகையைப் போட்டு இழுத்தா ஒரு பாத்தி உப்பு மொத்தமும் கூட வரும். ஸ்டீயரிங்கு அவளுக்கு ஒரு பொருட்டே இல்ல. விடியறதுக்கு முன்ன லோடு ஏத்திடுவோம். என் காக்கிச் சட்டையைப் போட்டு முண்டாசும் கட்டிக்குவா. நான் பக்கத்துல உக்காந்து, எதுக்க தெரிஞ்சவங்க வந்தா கையைக் காட்டுவேன். இருட்டுல யாருங்க பாக்கறா? கையி போச்சுன்னு தெரிஞ்சா வேலை போயிடும்னு பயந்துட்டேன் மொதலாளி.”

“முத்தம்மாளா?” என்று ஹபீப் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “என் உப்பு முழுக்க முத்தம்மாளா ஓட்டினா?”

“இன்னிக்கு வலி தாங்கல, நான் போகல. பெயின்ட் அடிச்சு வந்துடுச்சே, லோடு இருக்குமேன்னு அவ மட்டும் போனா. கொஞ்ச நேரத்துல போன் வருது. ‘யோவ், ஸ்டீயரிங் அறுந்துபோச்சுயா! தொட்டாலே சுத்துது! யார்கிட்டயும் மூச்சு விடாத, கிளியனூருக்குக் கொண்டுபோயி ரிப்பேர் பண்ணிட்டு வந்துடறேன்’னு சொன்னா. அதான் சார் வாயைத் தொறக்கல.”

“அப்ப திருட்டே நடக்கல,” என்றார் தமிழ்வேந்தன் ஏமாற்றத்தோடு.

வினோதினிக்குத்தான் முதலில் உறைத்தது. “ரிப்பேரா?” என்று எழுந்தாள். “அண்ணே, எதை ரிப்பேர் பண்றதுக்கு?”

“ஸ்டீயரிங்கைத்தாங்க. லூஸா இருக்குதுன்னா டைட்டு பண்ணத்தானே?”

ஆஸிஃபா அதற்குள் தன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிவிட்டாள். முத்தம்மாள் போன் அணைந்திருந்தது. அந்தோணிசாமி வேலை நேரத்தில் போனை எடுக்க மாட்டாராம். ஆஸிஃபாவின் பின்னால் முருகையன் ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு அலற, வினோதினியின் பின்னால் தமிழ்வேந்தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலற, இரண்டு ஸ்கூட்டரும் கிளியனூரை நோக்கிப் பறந்தன. ஹபீப் பாய் பந்தல்காரர்களைக் கவனிக்க வீட்டுக்கு ஓடினார்.

கிளியனூர் ஒர்க் ஷாப்பில் இளம்பச்சைப் பெயின்ட் மின்ன பிக்கப் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு பழைய டயர் மேல், காக்கிச் சட்டையும் முண்டாசுமாக முத்தம்மாள் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். மெக்கானிக் அந்தோணிசாமி கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் முகம் உப்பியிருந்தது.

“வாங்க,” என்றார் ஆஸிஃபாவிடம். “திருப்தியா? கழட்டியாச்சு.”

“எதைக் கழட்டினீங்க?”

“எல்லாத்தையும். உங்க வீட்டு ஆளு வந்து இறங்கினதும் கேட்ட முதல் கேள்வியே, ‘எந்தப் பாவி இதுல கை வெச்சான்’ன்றது. வெச்சது நான்தான். பிடிக்கலைன்னா பாய் எனக்கு நேரா சொல்லக் கூடாதா? ஆள் அனுப்பிப் பாவின்னு திட்டணுமா? பழைய ஸ்டீயரிங் பாக்ஸையே மாட்டிட்டேன். ஹோஸையெல்லாம் அறுத்துட்டேன். பம்பை, இப்பதான் பழைய இரும்புக்காரன் போனான், அவன் வண்டியில போட்டுட்டேன்.”

“எந்தப் பக்கம் போனான்?” என்று தமிழ்வேந்தன் பாய்ந்தார்.

“திண்டிவனம் பக்கம். இல்லன்னா வானூர் பக்கம். நான் கோவத்துல இருந்தேன், பாக்கல.”

முத்தம்மாள் எழுந்து வந்தாள். “ஒரு விரலுக்கு சுத்துதும்மா!” என்று ஆஸிஃபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஸ்டீயரிங்கு ஒரு விரலுக்கு சுத்துனா வண்டி உசுரோட இருக்குதுன்னு அர்த்தமா? மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கிட்டே ஒண்ணாவது கியர்லயே வந்தேன். நீ நாளைக்கு ஓட்டப் போற வண்டின்னு சொன்னாங்க. இப்படியே ஏறியிருந்தா என்ன ஆயிருக்கும்? நல்லவேளை, நான் பார்த்தேன்.”

 ஆஸிஃபாவால் கோபப்படக்கூட முடியவில்லை.

“லைசென்ஸ் இருக்குதா உங்களுக்கு?” என்று தமிழ்வேந்தன் அதிகாரமாகக் கேட்டார்.

“அவருக்கு இருக்குதுங்களே,” என்றாள் முத்தம்மாள்.

ஆஸிஃபா வண்டியில் ஏறி, ஸ்டீயரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். நாளைக் காலை மண்டபத்தில் இரண்டு குடும்பமும் சிரிக்கும். அப்புறம் ஷார்ஜா, எட்டாவது மாடி.  வினோதினி வாய் நிறைய வைத்திருந்த கிண்டல்களில் ஒன்றுகூட அப்போது உதவவில்லை. “சும்மா ஒருதரம் எடுத்துப் பாரேன்,” என்று மட்டும் சொன்னாள். “தோத்தாலும் ஓட்டிட்டுத் தோக்கலாம்.”

ஆஸிஃபா மூக்கைத் துடைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள். வண்டி இருமிக்கொண்டு நகர்ந்தது. ஒர்க் ஷாப் வாசலுக்கு நேரே ஒரு மின்கம்பம். இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, கண்ணை இறுக்கிக்கொண்டு, தன் பலம் முழுவதையும் போட்டு இழுத்தாள்.

வண்டி திரும்பியது. ஒரு விரலுக்கு இல்லை. இரண்டு கைக்கு, மாவாட்டுகிற அளவு பலத்துக்கு. ஆனால் திரும்பியது. மின்கம்பத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி வாசலுக்கே வந்தது.

“ஐயய்யோ!” என்று அலறினாள் முத்தம்மாள். “இன்னும் சரியாகல மேஸ்திரி! இன்னும் உடைஞ்சுதான் இருக்குது!”

“உடையல,” என்றார் அந்தோணிசாமி. “போன வாரம் அவசரத்துல மேல் வேலை மட்டும்தான் பார்த்தேன். இன்னிக்கு பழைய பாக்ஸை மாட்டும்போதுதான் அடியில படுத்துப் பார்த்தேன். சக்கரம் திரும்புற முளையில ஒரு பொட்டு கிரீஸ் இல்ல. மொத்தமும் உப்பு. கிரீஸ் ஏத்தற நிப்பிள் ஒவ்வொண்ணுலயும் குச்சியை அடைச்சு வெச்சிருக்குது. டீசல் ஊத்திக் கழுவி, குச்சியைப் பிடுங்கி கிரீஸ் ஏத்தினேன். டயர்லயும் பாதிக் காத்துதான் இருந்துச்சு, அடிச்சு விட்டேன். இந்த வண்டி ஆதியில இருந்தே இப்படித்தான் திரும்பியிருக்கணும்.”

தமிழ்வேந்தன் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை மெதுவாக, உண்மையாகவே யோசித்து. “உப்பு தானா ஏறும்,” என்றார். “காத்து தானா இறங்கும். குச்சி தானா போய் நிப்பிள்ல அடைச்சுக்காது.”

எல்லோரும் முருகையனைப் பார்த்தார்கள். முருகையன் ஒர்க் ஷாப் கூரையைப் பார்த்தான்.

“கிரீஸ் அடிச்சா எவன் வேணாலும் ஓட்டிடுவானேங்க,” என்றான்.

“எத்தனை வருஷமாண்ணே?” என்றாள் வினோதினி.

“வேலைக்குச் சேர்ந்த மறு வாரத்துல இருந்து. முருகையன் ஒருத்தன் கைக்குத்தான் அடங்கும்னு மொதலாளி எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லுவாரு. கேக்க நல்லா இருந்துச்சு. அதுலதான் என் தோளே போச்சு.”

முத்தம்மாள் கையிலிருந்த முறுக்கைக் கீழே வைத்தாள். “அப்ப மூணு வருஷமா நான் இழுத்தது உன் குச்சியையா?” என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே முண்டாசை அவிழ்த்து முறுக்க ஆரம்பித்தாள். முருகையன் ஓடினான். நல்லவேளை, ஓடுவதற்குத் தோள் தேவையில்லை.

மறுநாள் காலையில் கோட்டக்குப்பம் மண்டப வாசலில் உள்ளே இருந்ததைவிட அதிகக் கூட்டம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து இளம்பச்சை பிக்கப் திரும்பியபோது பையன்கள் விசிலடித்தார்கள். ஆஸிஃபா, மருதாணிக் கையால் ஸ்டீயரிங்கை ஒரு பிடி பிடித்து, வாசல் வளைவை ஒட்டி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். நெற்றி முழுக்க வியர்வை. பக்கத்தில் ஹபீப் பாய் கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார். பின்னால் சரக்குத் தட்டில் முத்தம்மாள் சீர்த்தட்டுகளுக்கு நடுவே புதுச்சேலையில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். லைசென்ஸ் எடுத்ததும் உப்பு லோடுக்கு அவள்தான் டிரைவர் என்று முதலாளி சொல்லியாயிற்று. முருகையனுக்கு கிரீஸ் அடிக்கும் வேலை. அதற்குக் கை இடுப்புக்கு மேல் போக வேண்டியதில்லை.

தமீம் அன்சாரி மாப்பிள்ளைக் கோட்டும் மல்லிகை மாலையுமாகச் சிரித்துக்கொண்டே வந்து, “பானெட்டைத் தொறங்க,” என்றான். அவன் பின்னால் நின்ற தாய்மாமா, கையில் கிரீஸ் பட்டால் துடைக்கக் கைக்குட்டையோடு தயாராக இருந்தார்.

பானெட் திறந்தது. தமீம் குனிந்தான், பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான், மாலையைப் பின்னால் தள்ளிவிட்டுத் தலையை இன்னும் உள்ளே விட்டான். பம்பு இல்லை. ஹோஸ் இல்லை. அவன் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் மாட்டிய இரும்புப் பாக்ஸ் ஒன்றுதான் இருந்தது.

“பவர் ஸ்டீயரிங்னு நேத்து ஒருத்தரு போன்ல சொன்னாரே?”

வினோதினி பக்கத்தில் பார்த்தாள். தமிழ்வேந்தன் பிரியாணி வரிசையில் ஐந்தாவது ஆளாக நின்று, முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

“இதை நீ ஓட்டிட்டு வந்தியா? இறங்கு, நான் திருப்பிப் பாக்கறேன்,” என்றான் தமீம். ஆஸிஃபாவும் ஹபீப் பாயும் இறங்கினார்கள். அவன் ஏறி உட்கார்ந்து, நின்ற வண்டியில் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். அசையவில்லை. பாதத்தை முட்டுக் கொடுத்து இன்னொரு தடவை இழுத்தான். கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்து முன்கண்ணாடியில் பட்டது.  தமீம் மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தப் பெண்ணை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். அந்தப் பார்வையில் இப்போது சிரிப்பு இல்லை. மரியாதை இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. இரண்டும் ஒரு மாப்பிள்ளைக்கு நல்லதுதான் என்று வினோதினிக்குத் தோன்றியது.

“போன உடனே கிளாஸ்ல சேர்த்து விடறேன்,” என்றான். “லைசென்ஸ், வேலை, எல்லாம் உன் இஷ்டம்.”

“நின்ன வண்டியில திரும்பாது. ஓடறப்பதான் திருப்பணும்,” என்றாள் ஆஸிஃபா, கதவைத் திறந்துகொண்டு. “வண்டியை நிழல்ல போடணும். நகருங்க.”

“டேய், நிக்காஹ் இன்னும் ஆகலடா! இறங்குடா!” என்று தாய்மாமா கத்தினார்.

தமீம் இறங்கவில்லை. நகர்ந்து உட்கார்ந்தான்.